செல்லாக் காசும் செல்வமே

மாந்தர் பொருள்களைத் திரட்டிப் போற்றும் இயல்பினர். அஞ்சல்தலை, தீப்பெட்டி ஒட்டுப்படம், பழைய மடல், பறவை இறகு எனத் திரட்டுவார் திரட்டும் பொருள்கள் பலவாகும். அவற்றுள் காசு திரட்டுதல் தொன்மை மிக்கது. மன்னர் முதல் மாணவர் வரை யாவரையும் ஈர்ப்பது. அக்கலையின் இளைய கிளை ஒன்று மேலைநாடுகளில் நூறாண்டுக்கும் மேலாகத் தழைத்து வருகின்றது. புழங்கும் காசை இயந்திரத்தில் இட்டு, நசுக்கி, நீட்டி, அதன்மேல் ஓர் ஊரின் உருவைப் பொறித்துக்கொண்டு வீடு திரும்பும் வழக்கமே அது. அவ்வழக்கத்தை விளக்கி, அதனோடு ஒப்பவைத்து எண்ணத்தக்க நம் நாட்டுச் செய்திகளையும், குறிப்பாகப் புதுச்சேரிப் பகுதியில் நாம் கண்டறிந்தவற்றையும் இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது.

நீள்காசு என்பது யாது?

ஆங்கிலத்தில் 'எலாங்கேட்டட் காயின்' என்றும், பேச்சுவழக்கில் 'பிரஸ்டு பென்னி' என்றும் வழங்கும் இதனை நாம் 'நீள்காசு' எனக் குறிப்போம். இது 1893ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரில் நடைபெற்ற உலகக் கொலம்பியப் பொருட்காட்சியையொட்டிப் பரவலாயிற்று. காட்சிக்கு வந்தோர் தம் கையிலிருந்த காசை உருளைகளுக்கிடையே செலுத்திக் காட்சியின் பெயர் பொறித்த நினைவுப் பொருளாக மாற்றிக்கொண்டனர். பின்னர் அருவிக்கரை, கோபுரம், விலங்குக்காட்சிசாலை, அருங்காட்சியகம் எனச் சுற்றுலா மாந்தர் கூடும் இடங்களிலெல்லாம் இவ்வியந்திரங்கள் நிறுவப்பெற்றன. 1966இல் இவற்றைத் திரட்டுவோர்க்கென்றே அமெரிக்காவில் ஒரு கழகமும் தோன்றியது.

இயந்திரத்தின் செயல் எளியது. கடினமாக்கப்பட்ட எஃகு உருளைகள் இரண்டு சிறு இடைவெளியுடன் எதிரெதிராகச் சுழலும். ஒன்றன்மேல் உருவம் குழிவாகச் செதுக்கப்பட்டிருக்கும். கட்டணக் காசையும், நசுங்க வேண்டிய ஒரு சென்ட் காசையும் உரிய துளைகளில் இட்டுக் கைப்பிடியைச் சுற்றினால், பற்சக்கரங்கள் நம் கைவிசையைப் பன்மடங்காக்கி உருளைகளுக்கு அளிக்கும். இடையில் அகப்பட்ட காசு மெலிந்து நீண்டு முட்டை வடிவம் கொண்டு வெளிவரும். கரும்பாலையில் கரும்பு புகுந்து சக்கையாய் வெளிவருவதை நோக்கினார்க்கு இதனை உணர்தல் அரிதன்று. ஆயின் கரும்பு தன் சாற்றை இழக்கின்றது. காசோ எடையில் எதனையும் இழப்பதில்லை. அது இழப்பது தன் முகத்தையும் மதிப்பையுமே. உற்றுநோக்கின் பழைய உருவின் சாயல் புதிய உருவிற்கடியில் மங்கலாகத் தெரிதலும் உண்டு.

இதன்கண் உலோகவியற் செய்தி ஒன்றும் அடங்கியுள்ளது. 1982ஆம் ஆண்டின் இடைப்பகுதி வரை அமெரிக்கச் சென்ட் காசு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு செம்பால் ஆனது. அதன்பின் அது துத்தநாக வட்டின்மேல் மெல்லிய செம்புப் பூச்சு உடையதாயிற்று. பழைய காசு நசுங்கினால் முழுதும் செந்நிறமாய் ஒளிரும். புதிய காசு நசுங்கினால் பூச்சுக் கிழிந்து உள்ளிருக்கும் வெண்ணிறத் துத்தநாகம் கோடுகோடாய்த் தெரியும். ஆகவே பட்டறிவு மிக்கோர் 1982க்கு முற்பட்ட காசுகளைத் தேடி எடுத்து, துலக்கி, பையில் இட்டுக்கொண்டே பயணம் புறப்படுவர்.

அந்தச் சென்ட் காசின் வரலாறே அண்மையில் ஒரு திருப்பத்தை எய்தியது. 1793 முதல் அச்சிடப்பெற்று வந்த அக்காசு, 1909 முதல் இலிங்கனின் உருவம் தாங்கி வந்தது. ஒரு சென்ட் மதிப்புள்ள காசை அடிக்க 2024ஆம் நிதியாண்டில் 3.69 சென்ட் செலவாயிற்று. இந்நிலையில், புழக்கத்திற்கான கடைசிக் காசு 2025 நவம்பர் 12ஆம் நாள் பிலடெல்பியா அக்கசாலையில் அடிக்கப்பெற்றது. முன்னர் அடிக்கப்பெற்றவை இன்னும் செல்லும். எனினும் புதியன வாரா. நசுக்கி விளையாடிய காசே நாளை அரும்பொருளாகப் போகின்றது.

பிரான்சு நாட்டின் முறை சற்றே வேறானது. கி.பி. 864இல் தொடங்கியதெனப்படும் பாரிசு அக்கசாலை 1990களிலிருந்து சுற்றுலா நினைவுப் பதக்கங்களை அடித்து, தேவாலயம், அரண்மனை, அருங்காட்சியகம் ஆகியவற்றின் வாயில்களில் தானியங்கிப் பெட்டிகள் வாயிலாக விற்று வருகின்றது. ஈண்டுப் புழங்கும் காசு சிதைக்கப்படுவதில்லை. பணத்தை இட்டால் முன்னரே அடித்துவைத்த பதக்கம் வெளிவரும். அமெரிக்க முறையில் வாங்குவோரே அக்கசாலைக் கம்மியர் ஆகின்றார். பிரெஞ்சு முறையில் அவர் வாடிக்கையாளராகவே நிற்கின்றார்.

நம் நாட்டுச் சட்டம்

இத்தகைய இயந்திரம் நம் கடற்கரைகளிலும் கோட்டைகளிலும் ஏன் இல்லை என மாணவர் வினவலாம். விடை சட்டத்தில் உள்ளது. அமெரிக்கச் சட்டம் ஏமாற்றும் நோக்கத்தோடு காசை மாற்றுவதையே குற்றமாகக் கருதுகின்றது. நினைவுப் பொருளாக்குவதைத் தடுப்பதில்லை. இந்தியாவில் 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் காசை உருக்குவதையும் அழிப்பதையும் தடைசெய்து, மீறுவோர்க்கு 7 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்க இடந்தருகின்றது. 1906ஆம் ஆண்டின் நாணயச் சட்டம், 1971ஆம் ஆண்டின் சிறுகாசுக் குற்றங்கள் சட்டம் முதலிய பழைய சட்டங்கள் இதனுள் அடங்கின.

இக்கடுமைக்குக் காரணம் உண்டு. காசின் முகமதிப்பைவிட அதன் உலோக மதிப்பு மிகும்போதெல்லாம் காசு கடைத்தெருவிலிருந்து மறைந்து உலைக்களத்தை அடைகின்றது. சில்லறைத் தட்டுப்பாட்டால் வருந்துவோர் ஏழை எளியோரே. பேருந்தில் மீதிச் சில்லறைக்காகக் காத்து நின்றார் யாவரும் இதனை அறிவர். ஆகவே சட்டம் காப்பது உலோகத்தை மட்டுமன்று, எளியோரின் கொடுக்கல் வாங்கலையும் ஆகும். தண்டவாளத்தின்மேல் காசை வைத்துத் தொடர்வண்டி ஏறிச்சென்றபின் தட்டையான தகட்டைத் தேடியெடுக்கும் சிறுவர் விளையாட்டு நம் நாட்டில் பலரும் அறிந்ததே. அது சட்டத்திற்கும் உயிருக்கும் ஒருங்கே ஊறு விளைப்பது. ஆதலின் அதனை ஊக்குவித்தல் கூடாது.

அவ்வாறாயின் காசு இட்டு நினைவுப் பொருள் பெறும் இன்பம் நமக்கு வாய்க்கவே இல்லையோ எனின், வாய்த்தது. தொடர்வண்டி நிலையங்களிலும் திரையரங்குகளிலும் நின்ற எடை பார்க்கும் இயந்திரங்களை மூத்த தலைமுறையினர் மறந்திரார். வண்ண விளக்குகள் சுழல, தட்டின்மேல் ஏறி நின்று காசை இட்டால், 'டக்' என்ற ஒலியுடன் தடித்த அட்டைச் சீட்டு ஒன்று வந்து விழும். ஒருபுறம் எடை, மறுபுறம் பலன் கூறும் வாசகம் அல்லது திரைக்கலைஞரின் படம். எடையை அறிந்தவுடன் எறிந்துவிடாமல் அச்சீட்டுகளை நூலால் கட்டி வைத்த சிறார் பலர். நீள்காசுக்கு நம் நாட்டில் நேரான உறவு உண்டெனில் அது இச்சீட்டே எனலாம்.

தமிழகத்தில் உருமாறிய காசுகள்

காசைக் காசாக விடாமல் வேறொன்றாக மாற்றும் வழக்கம் தமிழகத்திற்குப் புதிதன்று. 1898இல் புதுக்கோட்டைச் சமத்தானத்துக் கறுக்காக்குறிச்சியில் 501 உரோமானியப் பொற்காசுகள் அடங்கிய புதையல் கிடைத்தது. அகசுடசு முதல் வெசுபாசியன் வரையுள்ள பேரரசர்களின் காசுகள் அவை. அவற்றுள் மிகப் பலவற்றில் பேரரசரின் தலையின் குறுக்கே உளியால் வெட்டிய வடு காணப்படுகின்றது. இதன் காரணம் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. காசாகப் புழங்குவதை நிறுத்திப் பொன்னாக மட்டும் கொள்ளுதற்கு இட்ட குறி என்பது அவற்றுள் ஒன்று. அக்கருத்து ஏற்புடைத்தாயின், வேண்டுமென்றே காசின் முகத்தை அழித்து அதற்கு வேறு வாழ்வு தந்த செயல் ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே இம்மண்ணில் நிகழ்ந்ததாகும்.

பொற்காசுகளில் வளையம் பற்றவைத்துக் கோத்த காசுமாலையும் இவ்வகையினதே. ஆங்கிலேயரின் 'சாவரின்' பொற்காசு ஏறக்குறைய 8 கிராம் எடையுள்ளது. அது நம் மகளிர் கழுத்தில் ஏறியபோது காசு என்னும் நிலை கடந்து அணியாயிற்று. அக்காசு கடைத்தெருவில் புழங்காத இந்நாளிலும் 'சவரன்' என்னும் அளவுப்பெயராய் நின்று, ஒவ்வொரு நாளும் செய்தித்தாளில் பொன்விலையோடு இடம்பெறுகின்றது. மறைந்த காசு மொழியில் வாழ்வதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

தமிழ் பயில்வார்க்கு இத்துறையில் தனியுரிமையும் உண்டு. காசின் தூய்மையை ஆராயும் தொழிலரை 'வண்ணக்கன்' என்றது பண்டைத் தமிழ். சங்கப் புலவருள் ஒருவர் வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் என்னும் பெயரினர். காசு நோட்டமும் கவிதையும் ஒரே மரபில் நின்றமைக்கு அப்பெயரே சான்று பகரும். 'பெருவழுதி' என்னும் பெயர் பொறித்த பாண்டியர் செப்புக்காசை இனங்கண்டு வெளியிட்ட இரா. கிருட்டிணமூர்த்தி அவர்களின் பணி, சங்க இலக்கியம் கூறும் பெயர்களுக்கு உலோகச் சான்று தேடித் தந்தது. 'நாணயம்' என்னும் சொல் காசையும் நேர்மையையும் ஒருசேரக் குறிப்பதும் எண்ணி மகிழத்தக்கது.

புதுச்சேரியின் சொந்தக் காசு

இனிப் புதுச்சேரிக்கு வருவோம். ஆளுநர் துய்மா காலத்தில், 1736ஆம் ஆண்டு, ஆர்க்காட்டு நவாபு தோசுத்து அலிகானிடமிருந்து வெள்ளி ரூபாய் அடிக்கும் உரிமையைப் பிரெஞ்சுக் குழுமத்தார் பெற்றனர். முகலாயப் பேரரசரின் பெயரால் பாரசீக எழுத்தில் அடிக்கப்பட்ட அக்காசுகளில் பிறையுருவம் புதுச்சேரி அக்கசாலையின் அடையாளமாகப் பொறிக்கப்பெற்றது. ஐரோப்பிய வணிகர் அடித்த காசில் தில்லிப் பேரரசரின் பெயரும், ஆர்க்காட்டின் பெயரும், பிறையும் ஒருங்கே அமைந்தமை அக்கால அரசியலை ஒரு விரல்நுனியளவு வெள்ளியில் காட்டுகின்றது. அதே 1736இல்தான் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பும் தொடங்குகின்றது.

வெள்ளி ரூபாய் வணிகர்க்குரியது, செப்புக்காசு மக்களுக்குரியது. பிரெஞ்சுக்காரர் 'துது' என எழுதியது நம் 'துட்டு' என்பதையே. டச்சுக்காரரின் 'டொய்ட்' என்னும் செப்புக்காசின் பெயரே தமிழில் துட்டு ஆயிற்றென்பர். 'பனோன்' என்பது நம் 'பணம்'. 1923இல் பிரெஞ்சிந்திய அஞ்சல்தலைகள் உள்நாட்டு நாணயத்தில் மதிப்பிடப்பெற்றபோதும் 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய் என்னும் கணக்கே பின்பற்றப்பட்டது.

அச்செப்புத் துட்டின் ஒருபுறம் பிரெஞ்சு அரசகுலத்தின் அல்லிமலர்ச் சின்னம். மறுபுறம் 'புதுச்சேரி' எனத் தமிழ் எழுத்து. காரைக்காலுக்கென அடித்த காசில் அவ்வூர்ப் பெயரும் தமிழிலேயே உள்ளது. 1836ஆம் ஆண்டளவில் அடிக்கப்பெற்ற செப்புக்காசுகளில் அல்லிமலர் நீங்கிப் பிரெஞ்சுச் சேவல் இடம்பெற்றது. பிரான்சில் ஆட்சிமுறை மாறினால் புதுச்சேரிக் காய்கறிக்காரியின் சுருக்குப்பையில் உருவம் மாறியது. தமிழ்ப்பெயர் மட்டும் மாறவில்லை. ஆட்சியாளர் தம் சின்னத்தை ஒருபுறம் வைத்துக்கொண்டு, மறுபுறத்தை மக்கள் மொழிக்கு விட்டதற்குக் காரணம் நடைமுறைத் தேவையே. படிக்கத் தெரிந்தவன் தன் மொழியில் படித்தாலன்றிக் காசை நம்பமாட்டான்.

சேதராப்பட்டில் கண்டது

புதுச்சேரி நிலப்பகுதி ஒரே பரப்பாக அமையாது தமிழ்நாட்டு ஊர்களுக்கிடையே சிதறிக் கிடப்பது. அதன் வடமேற்கில், மயிலம் செல்லும் சாலையில், வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த சேதராப்பட்டு உள்ளது. இன்று அவ்வூர்ப் பெயரைக் கேட்டவுடன் நினைவிற்கு வருவது தொழிற்பேட்டை. ஆலைப் பேருந்துகளும் சரக்குந்துகளும் செல்லும் அச்சாலைக்குப் பின்னே பழைய ஊர் தன் போக்கில் வாழ்கின்றது. எல்லையோர ஊராதலின் இருவேறு ஆட்சிகளின் காசுகளும் முற்காலத்தில் இங்குக் கைம்மாறியிருத்தல் இயல்பே என்னும் எண்ணத்தோடு நாம் அங்குச் சென்றோம்.

ஒரு வீட்டில் முதிய அம்மையார் ஒருவர் தம் சுருக்குப்பையை அவிழ்த்து எமக்குக் காட்டினார். வெற்றிலைத் துணுக்குகளுக்கிடையே துளையிட்ட ஓரணாவின் பழந்துண்டு ஒன்று. இரண்டு அலுமினியப் பைசாக்கள். கறுத்துத் தேய்ந்த செப்புக்காசு ஒன்று. அச்செப்புக்காசைச் சாய்த்து வெயிலில் பிடித்தபோது, 'பு' என்னும் எழுத்தின் வளைவு தெரிந்தது.

"எங்க மாமியார் குடுத்தது தம்பி. செல்லாத காசுதான். வீச மனசு வரல" என்றார் அவர். இன்னும் உண்டோ என வினவினோம். "ஒரு சொம்பு நெறைய இருந்துச்சு. வீடு மாத்திக் கட்டும்போது பழைய பாத்திரத்தோட எடைக்குப் போட்டுட்டு, பெரியவ கல்யாணத்துக்குக் குத்துவிளக்கு வாங்கினோம்" என்று கூறிவிட்டு, "குத்துவிளக்கு இருக்குது, பாக்கறீங்களா?" என்றார்.

விளக்கையும் கண்டோம். அது நல்ல விளக்கு. அவர் மகளின் இல்லத்தில் ஒளிதருவது. அவர் செய்தது தவறென்று கூற எமக்கு நா எழவில்லை. செல்லாக் காசு எடைக்குப் போவது உலகியற்கை. ஒரு சொம்புக் காசில் எத்தனை ஆண்டுகளின் முத்திரைகள், எத்தனை ஊர்களின் பெயர்கள் இருந்தனவோ, அவை இனி எவர்க்கும் தெரியா. வாங்கியவர் அறியார், விற்றவரும் அறியார். அறிந்து கூறக் கடமைப்பட்டவர் கற்றவரே. அவர்களோ அவ்வீட்டுக்கு அன்றுவரை செல்லவில்லை.

அக்காசை விலைக்குக் கேட்க எமக்கு மனம் வரவில்லை. அளந்து, எடையிட்டு, இருபுறமும் படமெடுத்து, அவர் கூறியதை எழுதிக்கொண்டு, காசை அவரிடமே அளித்தோம். அவர் அதனை மீண்டும் வெற்றிலைக்கிடையே வைத்து முடிந்துகொண்டார்.

திரட்டுவோர் அறிய வேண்டுவன

இத்துறையில் ஈடுபட விழையும் மாணவர்க்குச் சில கூறுதும்.

முதலாவது, பழங்காசைப் புளியிட்டோ சாம்பலிட்டோ துலக்குதல் ஆகாது. காலத்தால் படிந்த மேற்படலமே காசின் காப்பு; அதனை நீக்கினால் எழுத்தின் விளிம்பும் உடன் அழியும். ஒளிரும் காசைவிடப் படிக்கத்தகும் காசே மேலானது.

இரண்டாவது, காசோடு செய்தியையும் திரட்டுதல் வேண்டும். கிடைத்த ஊர், நாள், அளித்தவர் கூறிய வழிவரலாறு, எடை, விட்டம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் காசுடன் வைத்தல் நன்று. இடம் அறியப்படாத காசு முகவரி இல்லா மடல் போன்றது. அரிக்கமேட்டின் சிறப்பு வெளிப்பட்டதும் சிறுபொருள்களாலேயே. சிற்றூர்ச் சிறார் பொறுக்கிக் கொணர்ந்த மணிகளைப் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் 1930களில் ஆராய்ந்தார். 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கு அகழாய்வு நடத்தினார். சிறார் அவற்றை எங்கிருந்து எடுத்தனர் என்பது தெரிந்தமையாலன்றோ மண்ணுக்குள் இருந்த துறைமுகம் வெளிப்பட்டது!

மூன்றாவது, சட்டத்தை மதித்தல் வேண்டும். புதையலாகக் கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேற்படின் மாவட்ட ஆட்சியர்க்கு அறிவித்தல் வேண்டுமென 1878ஆம் ஆண்டின் புதையற் சட்டம் கூறுகின்றது. நூறாண்டு கடந்த காசு தொல்பொருளாகும். அதனை உரிமமின்றி வணிகம் செய்தலையும் அயல்நாட்டிற்கு அனுப்புதலையும் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கின்றது.

நான்காவது, தொடங்குவதற்குப் பெரும்பொருள் வேண்டா. 2011 சூன் 30ஆம் நாளோடு 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டனவும் செல்லாதனவாயின. அலை விளிம்புடைய 10 பைசா, சதுர 5 பைசா, அறுகோண 3 பைசா ஆகியன இன்றும் பல வீடுகளின் அஞ்சறைப்பெட்டி அடியிலும் அலமாரி மூலையிலும் கிடக்கின்றன. வயல்நாட்டிலிருந்து திரும்பும் உறவினர் நீள்காசோ பதக்கமோ கொணர்ந்தால் அதனையும் சேர்த்து வைக்கலாம். சென்னை எழும்பூர் அருங்காட்சியகமும் புதுச்சேரி அருங்காட்சியகமும் இத்துறையில் விழைவுடையார் நேரிற் கண்டு பயன்கொள்ளத்தக்கன.

நிறைவாக

நீள்காசைச் சுழற்றி எடுக்கும் அமெரிக்கச் சிறுவன், தான் ஓரிடத்திற்குச் சென்றமைக்குச் சான்று தேடுகின்றான். சேதராப்பட்டு அம்மையாரோ தம் மாமியார் வாழ்ந்தமைக்குச் சான்றாக ஒரு காசை முடிந்துவைத்துள்ளார். இருவர் கையிலும் இருப்பது கடையில் செல்லாக் காசே. ஆயினும் சிறுவனின் காசில் எந்த ஊர், எந்த இடம் என்பது பொறிக்கப்பட்டுள்ளது. அம்மையாரின் காசிலோ எழுத்துத் தேய்ந்துவருகின்றது. அதனைப் படித்துச் சொல்ல வல்லார் அதன் அருகிற் செல்லுதல் வேண்டும்.

தமிழ் பயிலும் மாணவர் ஒவ்வொருவர் வீட்டிலும் முதியோர் உளர். வரும் விடுமுறையில் அவர்தம் சுருக்குப்பையையும் பழம்பெட்டியையும் அவர் இசைவோடு அவிழ்த்துக் காண்க. காணும் காசுகளை எழுதிவைக்க. பொருளை உரியவரிடமே விட்டு, செய்தியை நாட்டிற்கு அளிக்க. இன்னொரு சொம்பு எடைக்குப் போகுமுன் இது நிகழ்தல் வேண்டும் என்பதே எம் வேண்டுகோள்.